கதை முதலில் கரை சேரும்

2012 ஜனவரி 5ஆம் தேதி ‘அல் மொலாய்’ என்ற ஈரானிய மீன்பிடிப் படகை சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து அமெரிக்கக் கடற்படையின் ‘கிட்’ என்ற போர்க்கப்பல் மீட்டது. படகில் 13 ஈரானியர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பணயக்கைதிகளாக இருந்தார்கள். ஐந்து நாள் கழித்து இன்னொன்று. ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்துக்குத் தென்கிழக்கே சுமார் 50 மைல் தொலைவில், எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கிக்கொண்டிருந்த ‘யா ஹுசைன்’ என்ற ஈரானியச் சரக்குப் படகிலிருந்து 6 பேரை அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘மோனோமோய்’ காப்பாற்றியது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வளைகுடாவுக்குள் திரும்பி வரக்கூடாது என்று ஈரான் மிரட்டிய அதே மாதம்தான் அது. துபாய் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் அந்தச் செய்திகளைப் படித்து, மனிதாபிமானம் என்றால் இதுதான் என்று பேசிக்கொண்டோம். நான் துபாய்க்கு வந்து அப்போது இரண்டு வருடம்.

அதே வருடம் ஜூலை 16ஆம் தேதி, நாங்கள் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதிக தூரமில்லாத ஜபல் அலி கடலில், அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பலான ‘ராப்பஹானக்’ ஒரு சிறிய மீன்பிடிப் படகைச் சுட்டது. ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயமடைந்தார்கள். எல்லோரும் இந்தியர்கள். இறந்தவர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். எச்சரித்தும் படகு நெருங்கி வந்தது என்றது கப்பல் தரப்பு. எந்த எச்சரிக்கையையும் கேட்கவில்லை என்றார்கள் மருத்துவமனையில் கிடந்தவர்கள். அன்றைக்கு அந்த மேசையில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான். நம்மவர் என்று ஜனவரியில் யாரும் இல்லாதபோது நன்றாகப் பேசினோம். ஜூலையில் நம்மவர் ஒருவர் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

இந்தக் கட்டுரை ஒரு நாவலையும் ஓர் ஆவணப்படத்தையும் பற்றியது. ஆனால் அந்த மேசையைச் சொல்லாமல் தொடங்க முடியவில்லை. கடலில் நடக்கும் மீட்பு என்பது ஒரு சம்பவம் மட்டுமல்ல, ஓர் எழுத்து வகை. அதற்கு இலக்கணம் உண்டு. எழுவாய் எப்போதும் மீட்பவர். கப்பலின் பெயர் இருக்கும், கப்பல் தலைவரின் பெயர் இருக்கும், நேரம் இருக்கும். மீட்கப்பட்டவர்கள் ஓர் எண்ணிக்கை. கடைசி வரியில் அவர்களுக்கு உணவும் மருந்தும் தரப்பட்டன என்று இருக்கும். என் தொழிலிலும் இப்படி ஓர் எழுத்து வகை உண்டு. சர்வர் விழுந்து எழுந்தபின் எழுதப்படும் அறிக்கை. கோளாறை யார் எப்போது சரிசெய்தார்கள் என்று நிமிடக் கணக்கோடு இருக்கும். அந்த நான்கு மணி நேரம் வங்கிக் கிளையின் கவுன்ட்டரில் நின்ற ஆளைப் பற்றி ஒரு வரி இருக்காது. இருபது வருடமாக இப்படிப்பட்ட அறிக்கைகளை எழுதிச் சம்பாதிப்பவன் என்பதால், கடற்படைச் செய்திக்குறிப்பைப் பார்த்தவுடனேயே அதன் எலும்புக்கூடு எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த இலக்கணத்துக்குப் பழைய உதாரணம் இதே அரபிக்கடல் பக்கம் உண்டு. 1880 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த ‘ஜெத்தா’ என்ற நீராவிக் கப்பல் புயலில் சிக்கி, உள்ளே தண்ணீர் ஏறியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை விட்டுவிட்டுக் கப்பல் தலைவரும் வெள்ளை அதிகாரிகளும் உயிர்காப்புப் படகில் இறங்கிப் போனார்கள். வேறொரு கப்பல் அவர்களைத் தூக்கி ஏடனில் சேர்த்தது. கப்பல் மூழ்கிவிட்டது, பயணிகள் இறந்துவிட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். தந்தி உலகமெங்கும் போனது. அடுத்த நாள் அந்தக் கப்பலே ஏடனுக்கு வந்து சேர்ந்தது. பயணிகள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ‘ஆன்டெனார்’ என்ற கப்பல் கண்டு இழுத்து வந்தது. கதை முதலில் கரை சேர்ந்தது, கப்பல் பின்னால் வந்தது. ஜோசப் கான்ராட் இதிலிருந்துதான் 1900இல் ‘லார்ட் ஜிம்’ நாவலை எடுத்தார். ஓடிப்போன ஓர் அதிகாரியின் மனசாட்சியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதிய நாவல் அபூர்வம். ஆனால் கப்பலிலேயே இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளில் ஒருவருக்குக்கூட அதில் குரல் கிடையாது. தண்ணீரை இறைத்தவர்கள் கான்ராட்டுக்கு ஒரு கூட்டம், ஒரு மூச்சுச் சத்தம். கைவிட்டவனின் வேதனைதான் அங்கே இலக்கியம்.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் தமிழினி வெளியீடாக வந்தபோது நான் இங்கிலாந்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மறுவருடம் ஊருக்குப் போனபோது நாகர்கோவிலில் வாங்கினேன். ஊர் என்றால் மார்த்தாண்டம் பக்கம். கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே. இந்தத் தூரத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களால் புரிந்துகொள்ள முடியாது. மீன் தினமும் வீட்டுக்கு வரும், மீன் கொண்டுவருகிறவர் திண்ணையைத் தாண்டி வரமாட்டார். நான் பள்ளி முடிக்கும்வரை கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குள் கால் வைத்ததில்லை. அந்த நாவல்தான் என்னை முதன்முதலில் அங்கே கூட்டிப்போனது.

ஆமந்துறை என்ற பரதவர் ஊரின் 1933 முதல் 1985 வரையிலான வாழ்க்கை அது. அதன் ஊடே மூன்று பேர் கடலில் தத்தளிக்கிறார்கள். கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை. முதியவர், நடுவயதுக்காரர், இளைஞன். ஊரின் அரைநூற்றாண்டு ஒரு பக்கம் ஓட, இந்த மூவரின் சில நாட்கள் இன்னொரு பக்கம் துளித்துளியாகக் கழிகின்றன. ஊர்க்கதையில் கல்யாணமும் சண்டையும் சாமியார்களும் கள்ளக்கடத்தலுமாகக் காலம் பாய்கிறது. கடலில் காலம் நகரவே மறுக்கிறது. இந்த ஏற்பாடு ஒரு வித்தையாகத் தோன்றாததற்குக் காரணம், ஆசிரியருக்குத் தண்ணீர் தெரியும் என்பதுதான். உவரியில் பிறந்து கப்பல் தொழிலில் இருப்பவர். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எப்போது திரும்பும், எந்த நட்சத்திரம் எங்கே நின்றால் கரை எங்கே என்பதெல்லாம் அந்த மொழியில் வர்ணனையாக வருவதில்லை, உயிர் பிழைப்பதற்கான கணக்காக வருகிறது. முதல் வாசிப்பில் பின்னிணைப்பாக இருந்த சொல்லகராதியை இருபது முறையாவது புரட்டியிருப்பேன். என் சொந்த மாவட்டத்தின் கரையிலும் புழங்கும் சொற்கள் பல அதில் இருந்தன.

அதற்கு முன்பும் கடற்கரையைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல், ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ 1978இல் வந்தன. முன்னதன் மென்மையும் பின்னதன் கள உழைப்பும் இன்றும் மதிக்கத்தக்கவை. ஆனால் இரண்டிலும் கடல் என்பது வீட்டு வாசலிலிருந்து தெரிவது. போனவன் வருவானா என்று காத்திருக்கும் கண்ணிலிருந்து எழுதப்பட்டவை. ஜோ டி குரூஸ்தான் கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோனார். மீட்பவர் எழுவாயாக இல்லாத, மூழ்குபவர் எழுவாயாக இருக்கும் கதை தமிழுக்கு முழுமையாகக் கிடைத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

நாவலில் வெளியிலிருந்து உதவிக்கு யாரும் வருவதில்லை. தத்தளிப்பவர்களேதான் ஒருவரை ஒருவர் காப்பாற்றியாக வேண்டும். முதியவர் முதலில் போகிறார், பிறகு சூசை. இளையவன் பிழைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் தங்களை விட்டுக்கொடுக்கிறார்கள். பல வருடங்கள் இந்தப் பகுதிகளைக் கண்ணீர் இல்லாமல் என்னால் படிக்க முடிந்ததில்லை. நண்பர்களிடம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஷார்ஜாவில் நாங்கள் நடத்திவந்த ஒரு சின்ன வாசிப்பு வட்டத்தில் 2015இல் இந்த நாவலை எடுத்துக்கொண்டோம். அங்கும் எல்லோரும் தியாகத்தைப் பற்றித்தான் பேசினோம். பையனுக்குச் சிலுவை என்று பெயர் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி நான்கூட நீளமாக ஏதோ பேசினேன்.

2017 நவம்பர் 29 இரவுக்குப் பிறகு அந்தப் புத்தகம் எனக்கு வேறு புத்தகமாகிவிட்டது.

ஒக்கி புயல் கரையைத் தாக்கிய புயல் என்பதைவிட, கடலில் இருந்தவர்களைத் தாக்கிய புயல் என்பதே சரி. தூத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஆழ்கடல் படகுகள் சுறாவுக்கும் சூரைக்குமாக வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அவை கரையிலிருந்து வானொலியோ கைப்பேசியோ எட்டாத தொலைவில் இருந்தன. தாழ்வு மண்டலம் ஒரு நாளுக்குள் புயலாக வலுத்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை, நீரோடி என்று ஊர் ஊராகக் காணாமல்போனவர்களின் பட்டியல் நீண்டது. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் குஜராத்திலும் ஒதுங்கின. காற்றும் நீவாடும் எந்தத் திசையில் கொண்டுபோயிருக்கும் என்று மீனவர்கள் சொன்னார்கள். இன்னும் ஆழத்தில் தேடுங்கள், எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். பொறுக்க முடியாமல் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு அவர்களே தேடப் போனார்கள்.

டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குழித்துறை எங்கள் நிலையம். திருவனந்தபுரம் விமானத்தைப் பிடிக்கவும் சென்னைக்குப் போகவும் நான் எத்தனையோ முறை நின்ற நடைமேடை. அன்று மாலை ஊரிலிருந்து போன் வந்தது. சொந்தத்தில் ஒருவருக்கு ரயில் கிடைக்கவில்லை, நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியவில்லை, இவங்களுக்கு எப்பவும் இதே வேலைதான் என்றார்கள். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கோத்ராப் பிள்ளைக்காக அழுதவன்தான்.

அந்தக் குளிர்காலத்தில் நாவலைத் திரும்பப் படித்தபோது தியாகத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அது மிக அழகாக இருக்கிறது. மூத்தவன் இளையவனுக்காகச் சாவது என்ற வடிவம் பலியும் உயிர்ப்புமாக ஏற்கெனவே நம் மனதில் தயாராக இருக்கும் அச்சுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. வாசகன் நெகிழ்கிறான். நெகிழ்ந்தவன், ஏன் ஒரு கப்பல்கூட அந்தப் பக்கம் வரவில்லை என்று கேட்பதில்லை. இறந்தவர்கள் தங்கள் மரணத்துக்குத் தாங்களே பொருள் கொடுத்துவிட்டதால், வேறு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைவிடப்பட்ட மரணம் கொடுக்கப்பட்ட உயிராக மாறிவிடுகிறது. நம் போன்ற மேட்டுநில வாசகர்களுக்கு இது வசதியானது.

இது நாவலுக்குச் செய்யும் அநியாயம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஓரளவு சரிதான். நாவலின் காலம் 1985இல் முடிகிறது. இந்தியக் கடலோரக் காவல்படை சட்டப்படி அமைந்ததே 1978இல். அந்த மூவரும் மிதந்த கடலில், வரக்கூடியவர் என்று எதிர்பார்க்க யாரும் இருக்கவில்லை. வராதவரைப் பற்றி ஆமந்துறைக்காரன் எப்படிக் கோபப்படுவான்? அரசு என்பதே அவன் கடலில் கிடையாது. 2017இல் அரசு இருந்தது, கப்பல் இருந்தது, விமானம் இருந்தது, செயற்கைக்கோள் இருந்தது. வராமல்போவதற்கு அப்போதுதான் பொருள் வந்தது. ஆகவே குறை நாவலின் மேல் இல்லை, 2017க்குப் பிறகும் அதையே ஒரே கடல் நாவலாகத் தூக்கிப்பிடிக்கும் நம் மேல்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அழகின் மேல் வந்த சந்தேகம் போகவில்லை.

திவ்யபாரதியின் ‘ஒருத்தரும் வரேல’ 2018இல் வந்தது. ‘கக்கூஸ்’ எடுத்தவர். படத்தின் மிகச் சிறந்த வரி அதன் தலைப்பு. ‘ஒருவரும் வரவில்லை’ என்று எழுதியிருந்தால் அது முடிந்துபோன செய்தி. ‘வரேல’ என்பது எங்கள் மாவட்டத்து வாயில் முறையீடும் வசையும் சேர்ந்த சொல். நேற்றைக்கும் வரவில்லை, இந்த நிமிடம் வரைக்கும் வரவில்லை என்று இரண்டும் அதில் கேட்கும். மீட்புச் செய்திக்குறிப்பின் இலக்கணத்தை இந்த இரண்டு சொற்கள் கவிழ்த்துவிடுகின்றன. எழுவாய் இருக்கிறது, ஆனால் அந்த எழுவாய் ‘ஒருத்தரும்’.

படமாக அது ஒழுங்கற்றது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு என்று சாட்சியங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிகின்றன. தொகுப்பில் கத்தரித்திருக்கலாம் என்று தோன்றும் இடங்கள் உண்டு. கோபம் சில இடங்களில் கேட்பவரின் காதைத் தாண்டிப் போய்விடுகிறது. நாவலுக்கு இருந்த கடல் இதில் இல்லை. கேமரா கரையிலேயே நிற்கிறது, அதனால் வேறு வழியும் இல்லை. ஆனால் நாவலின் அழகு எதை மூடியதோ அதை இந்த ஒழுங்கின்மை திறக்கிறது. இங்கே யாரும் யாருக்காகவும் சாகவில்லை. யாரும் வராததால் செத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடல் முழுசாகத் தெரிகிறது. இந்த மாதிரி ஒரு நாவலையும் ஓர் ஆவணப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச நம் விமர்சனத்தில் ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு விளங்கியதில்லை.

தேரா வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட்டில் மீன் வெட்டும் ஒருவர் எனக்குப் பழக்கம். எங்கள் மாவட்டத்துக் கடற்கரைக்காரர். முன்பு இங்கே படகில் போனவர், முதுகுக்கு முடியாமல் கரையில் நிற்கிறார். ஒக்கியில் அவருடைய சித்தப்பா மகன் போனான். ஒரு வெள்ளிக்கிழமை தயங்கித் தயங்கி நாவலைக் கொடுத்தேன். இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். திருப்பித் தரும்போது சொன்னது இது:

“சாரே, சாவுறதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு. கரை வந்த பய மத்த ரெண்டு வீட்டு வாசலையும் எப்பிடித் தாண்டுவான்? அதயில்லியா எழுதணும்?”

படத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவருக்கு அதில் தெரிந்த முகங்கள் இருந்தன.

அவர் கேட்டது எனக்கு ஒரு விமர்சகர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியாகத் தோன்றியது. மீட்புக் கதை எப்போதும் மேலே தூக்கியதோடு முடிந்துவிடுகிறது. செய்திக்குறிப்பும் அப்படித்தான், பெரும்பாலான இலக்கியமும் அப்படித்தான். குவைத்தின் முதல் முழுநீளப் படமான ‘பஸ் யா பஹர்’ 1972இல் வந்தது. எண்ணெய்க்கு முந்தைய காலத்தில் முத்துக்குளிக்கப் போன ஒரு பையனின் கதை. தோழர்கள் அவனைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறார்கள், ஆனால் உடலைத்தான் கொண்டுவருகிறார்கள். அவன் உயிரைக் கொடுத்து எடுத்த முத்தை அம்மா கடலில் எறிகிறாள். காலித் அல் சித்தீக் தூக்கியதோடு நிறுத்தவில்லை, வாசல்வரை வந்தார். எண்ணெய்க்கு முன்னால் இந்தக் கரையில் இருந்தவர்களும் நம் நெய்தல் மக்களைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள். இன்று அதே தண்ணீரில் வலை இழுப்பவர்களில் எங்கள் கடற்கரைக்காரர்களும் இருக்கிறார்கள்.

அப்படிப் போனவர்கள் மூன்று பேர் 2024 பிப்ரவரி 6ஆம் தேதி மும்பைக் கரையோரம் பிடிபட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். குவைத்தில் படகு முதலாளி சம்பளம் தரவில்லை, அடித்தார், பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார் என்று சொன்னார்கள். முதலாளியின் மீன்பிடிப் படகையே எடுத்துக்கொண்டு சுமார் பத்து நாள் கடலில் வந்திருக்கிறார்கள். சவுதி, கத்தார், துபாய், ஓமன் என்று நாம் விமானத்தில் தூங்கிக்கொண்டே கடக்கும் கடல் முழுவதையும் அந்தப் படகு கடந்தது. மும்பையில் யாரும் அதை மீட்பு என்று சொல்லவில்லை. கடல் வழியாக வரும் அறிமுகமில்லாத படகு அந்த நகரத்துக்கு 2008 நவம்பரை நினைவூட்டும். பாஸ்போர்ட் சட்டத்தில் வழக்குப் பதிந்து கைது செய்தார்கள். மூன்று மாதம் கழித்து, மே 5ஆம் தேதி, கேரளத்தின் கொயிலாண்டிக்கு அப்பால் இன்னொரு படகு. இந்த முறை ஈரானிலிருந்து. ஆறு பேர், மறுபடியும் கன்னியாகுமரிக்காரர்கள், மறுபடியும் அதே புகார்கள். எரிபொருள் தீர்ந்து நின்ற படகைக் கடலோரக் காவல்படை கொச்சிக்கு இழுத்துப்போனது.

இந்த இரண்டு பயணங்களும் தமிழில் இன்னும் ஒரு சிறுகதையாகக்கூட என் கண்ணில் படவில்லை. பரத்பாலாவின் ‘மரியான்’ 2013இல் ஏறக்குறைய இந்த இடத்தைத் தொட்டது. நீரோடி மீனவன் ஒருவன் சூடானுக்கு வேலைக்குப் போய்க் கடத்தப்பட்டு, தானே தப்பிப் பாலைவனத்தைக் கடக்கிறான். ஆனால் படம் அவனை ஒரு காதல் காவிய நாயகனாக்கிவிட்டது. சம்பளப் பாக்கி, விசா, கடன் என்பவை பாட்டுக்கு ஒத்துவராது. வளைகுடாவை எழுதும் தமிழ் எழுத்தில் லேபர் கேம்ப் வந்துவிட்டது, டாக்ஸி வந்துவிட்டது, ஐடி வந்தே தீரும். படகு வரவில்லை. நாங்கள் எழுதுவது விமானத்தில் வந்தவர்களின் வளைகுடா. அவர்களும் விமானத்தில்தான் வந்தார்கள். திரும்பிய விதம்தான் வேறு.

அரசும் கூட்டிப்போகாமல் இல்லை. 2020 ஜூலை 1ஆம் தேதி, கொரோனா முடக்கத்தில் ஈரானில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு ‘ஜலாஷ்வா’ கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தது. 687 பேர், பெரும்பாலும் தமிழ்நாட்டு மீனவர்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அன்று வந்த படங்களையும் செய்திகளையும் பார்த்தால் பழைய இலக்கணம் அப்படியே இருக்கும். கப்பலின் பெயர், நடவடிக்கையின் பெயர், எண்ணிக்கை. இந்த 687 பேரும் ஏன் ஈரானில் இருந்தார்கள், கன்னியாகுமரியிலும் இராமநாதபுரத்திலும் கடல் இல்லையா என்ற கேள்வி அங்கே எழாது. நான்கு வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், ஈரானில் மீன்பிடித்துக்கொண்டிருந்த இடிந்தகரைக்காரர்கள் 28 பேரை எல்லை தாண்டியதாக பஹ்ரைன் கைது செய்தது. போனவர்கள் திரும்பப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆபத்தில் இருப்பவரைக் கடலில் கண்டால் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம். டைட்டானிக்குக்குப் பிறகு 1914இல் எழுதப்பட்ட உடன்படிக்கையிலும், 1982இன் கடல் சட்டத்தின் 98ஆவது பிரிவிலும் உள்ளது. ஆனால் ஒரு படகு ஆபத்தில் இருக்கிறதா, ஆபத்தாக இருக்கிறதா என்பதை எதிரில் இருக்கும் கப்பல்தான் தீர்மானிக்கிறது. ஜபல் அலியில் அந்தத் தீர்மானம் இயந்திரத் துப்பாக்கியால் எடுக்கப்பட்டது. மும்பையில் எஃப்ஐஆரால். எல்லாக் கதையையும் கப்பலின் மேல்தளத்திலிருந்தே சொல்லிப் பழகிய நமக்கு, தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் அந்தக் கப்பல் எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு நாவல்தான் இருக்கிறது. அதுவும் 1985இல் நின்றுவிடுகிறது.

மும்பைச் செய்தி வந்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். முதலாளியைத் திட்டுவார், போலீசைத் திட்டுவார், இல்லை மாதாவுக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “டீசல் எவ்வளவு இருந்திருக்கும் சாரே?” என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் சூரை வெட்டிக்கொண்டிருந்தவரை லேய் என்று கூப்பிட்டார். அவரும் படகுக்காரர்தான். குவைத்திலிருந்து ஹோர்முஸ் வரைக்கும் வடமேற்குக் காற்று, பின்னாலிருந்து தள்ளும், அதுவரை எஞ்சினை மெதுவாக விடலாம். ஹோர்முஸ் தாண்டினால் வாடைக்காற்று பக்கவாட்டில் அடிக்கும், அங்கேதான் டீசல் தின்னும். மூன்று பேர் என்றால் இரண்டு பேர் தூங்கலாம். இல்லை, ஒருவன்தான் தூங்கலாம், ஒருவன் கப்பல் பார்க்க வேண்டும், இந்தப் பாதையில் ராத்திரி எண்ணெய்க் கப்பல் படகைப் பார்க்காது. தண்ணீர் எத்தனை கேன், அரிசி எவ்வளவு. எடை போடும் தாளின் பின்பக்கத்தில், மீன் ரத்தம் படாத மூலையில், கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் இருக்கும். எனக்குப் பின்னால் டோக்கனோடு நின்ற பிலிப்பினோ பெண் பொறுமை இழந்து என்னைப் பார்த்தாள். என் நெய்மீன் வெட்டாமல் மேசை மேலேயே கிடந்தது.